சவரிமுத்துவை நான் வீட்டுக்கு அழைத்து வரவில்லை, அம்மா

என் செல்ல அம்மாவுக்கு,

நீ பாதியில் விட்டுப்போன நாவலுக்குக் கடைசி அத்தியாயத்தை எழுதி உறையில் போட்டுவிட்டேன். நாளைக்குத் தபாலில் சேர்த்துவிடுவேன். அதோடு இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். பத்திரிகையில் போட்டால் முகம் தெரியாதவர்கள் எல்லாம் படிப்பார்களே என்று நினைக்கும்போதே எனக்குக் காது சூடாகிறது. ஆனால் உனக்கென்று என்னிடம் வேறு விலாசம் இல்லை. உன் கதைகள் எங்கே போயினவோ அங்கேயே இதையும் அனுப்புகிறேன்.

உன்னை மண்ணில் வைத்தபோது பெய்துகொண்டிருந்த மழை ஓய்ந்துவிட்டது. சைகோனில் பிரெஞ்சுக் கொடி இறங்கிவிட்டது. பட்டாளத்துச் சொல்தாக்கள் மூட்டை கட்டுகிறார்கள். நம் சந்தில் தமிழ் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்படுகின்றன. சிலர் காரைக்காலுக்கு, சிலர் பிரான்சுக்கு. காரைக்காலிலும் கொடி மாறிவிட்டதாம். சுங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, எந்த நாட்டுக் குடிமகன் என்று கேட்ட தாளில் பிரான்சு என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுத்த வாரம் கப்பல். மார்செய் எப்படி இருக்கும் என்று கேட்டேன். "குளிரும்" என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

உன்னையும் இங்கே விட்டு, அண்ணனையும் வடக்கே விட்டுத்தான் போகிறோம். அண்ணன் கிடக்கிற மண் இப்போது வேறு நாடு. நடுவில் கோடு போட்டுவிட்டார்கள். அவன் கல்லறை எங்கே இருக்கிறது என்று சொல்லவும் ஆள் இல்லை.

அம்மா, நீ எப்படி எழுத ஆரம்பித்தாய் என்பது பத்திரிகை வாசிக்கிறவர்களுக்குத் தெரியாது. "ஒரு கத்தோலிக்கப் பெண்" என்றுதான் கையெழுத்துப் போடுவாய். யாரோ கன்னியர் மடத்து மாசேர் எழுதுகிறார் என்று பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். காரைக்காலிலிருந்து கல்யாணப் பெண்ணாகக் கப்பலில் வந்தபோது வாந்தி எடுத்துக்கொண்டே முதல் கதையை யோசித்தேன் என்று நீ சிரிப்பாய். அந்தக் கதை திரும்பி வந்துவிட்டது. பாவி மூன்றாம் பக்கத்திலேயே மனம் திரும்பிவிட்டால் மீதியை யார் படிப்பார்கள் என்று ஆசிரியர் சுவாமியார் கேட்டிருந்தாராம். அதற்குப் பிறகு உன் பாவிகள் நன்றாகப் பாவம் செய்தார்கள். மாதக்கணக்கில் குடித்தார்கள், சூதாடினார்கள், தாயை அழ வைத்தார்கள். கடைசி அத்தியாயத்தில் மட்டும் எல்லோரும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மூன்று நாவல்களிலும் அப்படித்தான்.

உனக்குக் கண்ணில் படலம் விழுந்தபோது மாசேர்களின் பள்ளியிலிருந்து என்னை நிறுத்தினாய். எனக்கு வருத்தம் இல்லை. வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே தலையைக் குனிந்துகொள்கிறவள் நான். வீட்டில் நீ சொல்ல நான் எழுதினேன். ஆனால் நீ ஓர் இடத்தில் உட்கார்ந்து சொல்லுகிற ஆளா? ஒரு கையில் ஜெபமாலை, இன்னொரு கையில் அகப்பை. மாதா ஜெபத்தில் இரண்டு பிரியதத்தத்துக்கு நடுவில் ஒரு வரி வரும். அது கதையா ஜெபமா வீட்டு வேலையா என்று நான்தான் பிரிக்க வேண்டும்.

ஒரு தடவை பிரிக்கத் தவறிவிட்டேன். நினைவிருக்கிறதா? "ஞானம்மாள் கதவைத் திறந்தாள். வெளியே யாரும் இல்லை. பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க. மீன் தீயுது, அடுப்பப் பாரு." அப்படியே அச்சாகி வந்துவிட்டது. நான் அழுதேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். ஆனால் வாசகர்கள் உருகிப்போனார்கள். மகனைக் காணாத துக்கத்திலும் ஜெபத்தை விடாமல், அடுப்பையும் விடாமல் இருக்கிற தாயை இப்படி யாரும் எழுதியதில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார்.

"பாத்தியாடி, ஒன்னோட தப்புக்குத்தான் எனக்குப் பேரு" என்றாய்.

அந்த நாவல்தான் இது. அண்ணன் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து வடக்கே போன வாரம் ஆரம்பித்தாய். போருக்குப் போன சவரிமுத்து, காத்திருக்கிற தாய் ஞானம்மாள். உன் கணக்கு எனக்குப் புரிந்தது. சவரிமுத்துவைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தால், அண்ணன் பிலிப்பும் வந்துவிடுவான் என்று நீ மாதாவிடம் நேர்ந்துகொண்டாய். வாயால் சொல்லவில்லை. ஆனால் சவரிமுத்துவுக்குக் குண்டு படப்போகிற இடத்தில் எல்லாம் நீ சொல்வதை நிறுத்திவிட்டு, ஜெபமாலையில் ஒரு பத்து மணி முழுவதையும் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த வரிக்கு வருவாய்.

அப்புறம் அந்தத் தாள் வந்தது. பட்டாளத்து அதிகாரி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அப்பா பிரெஞ்சில் வாசித்துவிட்டு, தமிழில் சொல்ல வாய் வராமல் சுவரைப் பார்த்தார்.

நீ ஜெபத்தை விடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நம் வீட்டு வழக்கப்படி சாயங்காலம் நாலு பேரும் உட்காருவோம். முதல் பத்து உனக்கு, இரண்டாவது அப்பாவுக்கு, மூன்றாவது அண்ணனுக்கு, நாலாவது எனக்கு, ஐந்தாவது எல்லோரும் சேர்ந்து. அவரவர் பத்துக்கு அவரவர் முதல் பாதியைச் சொன்னால்தான் மற்றவர்கள் மறுபாதியைச் சொல்ல முடியும். அண்ணன் வடக்கே போனபோது அவன் பத்தையும் நீயே சொன்னாய். செய்தி வந்த பிறகு சொல்லவில்லை. மூன்றாவது பத்து வந்ததும் வாயை மூடிக்கொண்டாய். மணிகள் மட்டும் ஒவ்வொன்றாக நகர்ந்தன. பத்தும் முடிந்த பிறகு நான் என்னுடையதை ஆரம்பித்தேன்.

"சத்தமா சொல்லு தெரேஸ், வானத்துல இருக்குற சம்மனசுங்களுக்கு காது கேக்க வேணாமா?" என்று எப்போதும் அதட்டுவாய். அன்றைக்கு அதட்டவில்லை.

கதையும் நின்றுவிட்டது. பூசை முடிந்து வரும்போது ரொசாலி மாமி உன் கையைப் பிடித்துக்கொண்டு, "சவரிமுத்து வந்துருவான்ல அக்கா?" என்று கேட்டார். அவருடைய மகனும் படையில் இருந்தான். "வருவான், வராம எங்க போவான்" என்று சொன்னாய். வீட்டுக்கு வந்ததும் நான் பேனாவை எடுத்தேன்.

"எழுதாத" என்றாய். "மூணு நாவல்ல மூணு பேரத் திருப்பிக் கொண்டாந்தேன். எப்படி வந்தான்னு ஒருத்தரும் என்னைக் கேக்கல. இப்ப நானே கேக்குறேன்டி."

நீ எனக்குச் சொன்ன கடைசி வரி அதுதான். அதை நான் எழுதி வைக்கவில்லை. அது கதையா, ஜெபமா, வேறு ஏதாவதா என்று இன்றுவரை பிரிக்கத் தெரியவில்லை. அதற்குப் பிறகு காய்ச்சல். மார்ச்சளி. ஒரு நாள் காலையில் உன் விரலிலிருந்து ஜெபமாலையை அப்பாதான் கழற்றினார்.

நீ நம்பிக்கையோடு போனாயா அம்மா? எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். சுவாமியாரும் பிரசங்கத்தில் அப்படித்தான் சொன்னார். உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். எனக்குத் தெரியவில்லை.

பத்திரிகை ஆசிரியர் சுவாமியார் எனக்கு எழுதினார். நீயே முடித்துக் கொடு மகளே, கிறிஸ்து பிறப்பு நாளில் சவரிமுத்து வீடு வந்து சேரட்டும், உன் தாயார் அதைத்தான் விரும்பியிருப்பார் என்று. விரும்பினாய். அது எனக்கும் தெரியும்.

டோங் டு தெருவில் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற மரைக்காயரும் என்னை விடவில்லை. மாதா மாதம் அப்பாவிடம் பத்திரிகையை இரவல் வாங்கி, அத்தர் வாசனையோடு திருப்பிக் கொடுப்பாரே, அவர்தான். கப்பலுக்குக் கம்பளித் துணி வாங்கப் போயிருந்தோம்.

"ஏ புள்ள, அந்தப் பய வந்தானா இல்லியா? நீங்க பாட்டுக்குக் கப்பல் ஏறிட்டா நான் யாருகிட்டப் போயி கேக்குறது?"

நான் தரையைப் பார்த்தேன்.

"என்ன முசே, ஒம்ம மவ வாயத் தொறக்க மாட்டேங்குது. அம்மா அத்தனை பேச்சு பேசும். இது யார மாதிரி?"

"என்ன மாதிரி" என்றார் அப்பா. நீ போன பிறகு அவர் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டது அப்போதுதான்.

மரைக்காயர் துணியைக் கிழித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "வந்துட்டான்னே எழுதிப்புடு தாயி. கதைதானே. கதையிலயாச்சும் ஒருத்தன் வந்துட்டுப் போறான்."

வந்து உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். "கதவு தட்டப்பட்டது" என்று எழுதினேன். ஞானம்மாள் எழுந்து போனாள். கதவைத் திறந்தாள். அங்கே நிற்கிறவனுக்கு முகம் எழுத வேண்டும். எத்தனை தடவை எழுதினாலும் அது அண்ணனுடைய முகமாகவே வந்தது. கீழுதட்டில் அந்தத் தழும்போடு. அவனை உள்ளே வரச் சொல்லிவிட்டு, தாளை மடித்துவிட்டு, நான் எப்படி அம்மா சாப்பிடப் போவேன்? கிழித்துப் போட்டேன்.

உன்னை அடக்கம் செய்துவிட்டு வந்த சாயங்காலத்தைப் பற்றி உனக்குச் சொல்லவில்லையே. அப்பா பாயை விரித்தார். உன் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் பத்து உன்னுடையது. அவர் ஆரம்பிப்பார் என்று நான் காத்திருந்தேன். என்னை ஆரம்பிக்கச் சொல்வார் என்றும் பயந்தேன். அவர் மணியை நகர்த்தினார். சத்தமில்லாமல். உன் பத்து முழுவதும் அப்படியே போனது. இரண்டாவது பத்தை அவரே சொன்னார். மூன்றாவது, மறுபடியும் ஒன்றுமில்லை.

அந்த நேரம் கோவில் வளாகத்திலிருந்து ஜெபம் கேட்டது. வடக்கிலிருந்து கப்பல் கப்பலாக வந்திறங்கிய கத்தோலிக்கர்கள் அங்கே கூடாரம் போட்டிருக்கிறார்கள் அல்லவா, அவர்கள்தான். வியட்நாமிய மொழியில், பாட்டு மாதிரி இழுத்து, நூற்றுக்கணக்கான வாய்கள். அண்ணன் கிடக்கிற பக்கத்திலிருந்து வந்தவர்கள். அது எனக்கு ஆறுதலாக இருந்தது என்று எழுத ஆசைதான். உன் நாவலாக இருந்தால் நீ அப்படித்தான் எழுதியிருப்பாய். எனக்கு ஒன்றுதான் தோன்றியது. இத்தனை பேர் வந்து சேர்ந்திருக்கிறார்கள், ஒரே ஒருவனுக்கு இடமில்லாமல் போயிற்றா?

கடைசியில் அந்தச் சாயங்காலத்தைத்தான் எழுதினேன் அம்மா. கிறிஸ்து பிறப்பு நாள். ஞானம்மாள் வீட்டில் ஜெபத்துக்கு உட்காருகிறார்கள். சவரிமுத்துவின் பத்து வருகிறது. யாரும் அதை எடுத்துச் சொல்லவில்லை. அவன் சொல்லவேண்டியதை வேறு வாய் சொல்லக்கூடாது என்று வீடே சும்மா இருக்கிறது. மணிகள் நகர்கின்றன. கதவு தட்டப்படவில்லை. அதோடு நாவல் முடிகிறது.

அப்பாவிடம் கொடுத்தேன். உன் எழுத்தில் ஒரு வரிகூட அவர் வாசித்ததில்லை, "எனக்குத் தெரிஞ்ச ஆளு எழுதுறத எப்படிப் படிக்கிறது" என்பார். இதை வாசித்தார். நெடுநேரம் தாளைக் கையிலேயே வைத்திருந்தார்.

"சுவாமியார் போட மாட்டாரு" என்றார்.

"தெரியும்பா."

"ஒங்கம்மா இருந்தா கோவிச்சுக்குவா."

"கோவிச்சுக்குவாங்களா?"

அவர் தாளை மடித்து என்னிடம் நீட்டினார். "அனுப்பு" என்றார்.

இது கிறிஸ்தவ நாவல்தானா என்று கேட்பார்கள். எனக்கு அதெல்லாம் தெரியாது. படிப்பை நடுவில் விட்டவள். வாசகர்களே, உங்களுக்கு ஏமாற்றமாக இருந்தால் என்னைத் திட்டுங்கள், அம்மாவைத் திட்டாதீர்கள். ரொசாலி மாமி முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்றுதான் தெரியவில்லை. அவர் மகன் போன வாரம் திரும்பி வந்துவிட்டான். ஒரு கால் இல்லை. மாமி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார், "அக்கா சொன்னாங்க, வருவான்னு சொன்னாங்க" என்று. நீ சொன்னது பலித்தது அம்மா. நம் வீட்டில் இல்லை.

சேசுநாதர் மேல் எனக்குக் கோபமா என்று கேட்பாய். கோபப்படுவதற்கு அவர் எதிரில் இருக்க வேண்டும். கோவிலில் முழங்காலில் நிற்கிறேன். விளக்கு எரிகிறது. யாரும் இருக்கிற மாதிரி தெரியவில்லை. நீ இருந்த இடமும் அப்படித்தான் இருக்கிறது, சமையற்கட்டில்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். கப்பல் வுங் டாவ் முனையைத் தாண்டிக் கடலுக்குள் போகும்போது சாயங்காலம் ஆகிவிடும் என்கிறார்கள். அப்பாவும் நானும் தளத்தில் உட்காருவோம். முதல் பத்தில் உனக்காக வாயை மூடிக்கொண்டிருப்போம். அப்பா அவருடையதைச் சொல்வார். அண்ணனுடையது சும்மா போகும். என் முறை வரும். சுற்றிலும் சொல்தாக்கள், துரைமார்கள், தெரியாத முகங்கள் இருப்பார்கள். இருந்தாலும் அம்மா, சத்தமாகச் சொல்வேன். யாருக்குக் கேட்கும் என்று தெரியாமலேயே சொல்வேன். குளிருகிற அந்த ஊரிலும் ஒவ்வொரு சாயங்காலமும் சொல்வேன். எங்கேயாவது உனக்குக் காது இருந்தால், இனி என்னை அதட்ட வேண்டியிருக்காது.

உன் வாய்ச்சொல்லை எழுதிவந்த,
பிலிப்பின் தங்கை,
உன் மகள் தெரேஸ்