விசாலமான வழியில் ஒரு நீலப் புள்ளி

உர்க் துறைமுகம்,
14 நவம்பர் 1967

என் செல்ல மகள் ஹில்யாவுக்கு அம்மா எழுதுவது.

நீயும் பிள்ளைகளும் சுகந்தானே? எனக்கு எழுத்து ஒழுங்காக வராது. பொறுத்துப் படி.

உன் தம்பி ரீகெல்ட்டுக்கு நினைவு ஆராதனை முடிந்தது. உடலில்லாத ஆராதனை. பக்கத்து வீட்டார் கொடுத்த பட்டாணி சூப்பு அப்படியே இருக்கிறது. சும்மா இருக்க முடியாமல் கூடத்தில் தூசி துடைத்தேன். தாத்தா வாங்கிச் சட்டம் போட்ட, இடுக்கமான வழி மேலே பரலோகத்துக்கும் விசாலமான வழி நரக நெருப்புக்கும் போகிற அந்த இருவழிப் படத்தையும் துடைத்தேன்.

நீ சபையில் விசுவாச அறிக்கை செய்த அன்று, அப்பா சட்டத்தைப் பிரித்து, இடுக்கமான வழியில் ஏறுகிற ஒரு பெண்ணின் காலடியில் நீல மையால் புள்ளி வைத்தாரே. தனக்கும் எனக்கும் முன்பே அப்படி வைத்திருந்தார். ரீகெல்ட்டின் முறை வந்தபோது தாடிக்காரக் கிழவன் கிடைத்தான். "எனக்கு மட்டும் ஏம்பா கிழவன்?" என்று சண்டை போட்டான்.

ஹில்யா, கிழவன் காலடியில் புள்ளி இல்லை. சுரண்டி எடுத்திருக்கிறது. விசாலமான வழியில், நெருப்புக்குப் பக்கத்தில் நீலம் தெரிந்தது. அதற்குமேல் பார்க்க முடியாமல் படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டேன்.

ஓய்வுநாளிலும் மீன்பிடிக்கப் போகிற வெளியூர்ப் படகில் அவன் கிளம்பியபோது ஊரே கேட்கும்படி உன் அப்பா கத்தினாரே: "ஞாயித்துக்கெழம கடலுக்குப் போறவன் எம்புள்ள இல்ல. போ!" படகு திரும்பவில்லை. அந்தக் கோபம் இன்னுமா தீரவில்லை?

"லுப்பெர்ட், பெத்த புள்ளைய நெருப்புல வைக்க உனக்குக் கை வந்துச்சா?" என்று அவரிடம் கேட்டேன். தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இந்த மனிதரோடு ஒரே மேசையில் எப்படிச் சாப்பிடுவேன்?

உன் அம்மா,
கிளாஸ்யா


குரோனிங்கன்,
17 நவம்பர்

அன்புள்ள அம்மா,

படித்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். செத்தவனைக்கூட விடமாட்டாரா?

இங்கே வந்துவிடுங்கள். சின்ன அறையைக் காலி செய்துவிட்டோம். சனிக்கிழமை உங்கள் மாப்பிள்ளை வண்டியோடு வருவார். அப்பாவிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை. அந்தப் படத்தை அடுப்பில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

உங்கள்,
ஹில்யா


உர்க்,
20 நவம்பர்

என் கண்ணுக்கு,

சனிக்கிழமை மாப்பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பிவிட்டேன். பாவம், ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பினார். கோபப்படாதே. நடந்ததை மாப்பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீ சொன்னபடியே படத்தை அடுப்பில் போடத்தான் இறக்கினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தால், நெருப்புக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி இல்லை. இரண்டு. ஒட்டி ஒட்டி.

மேலே பார்த்தேன். என் புள்ளி இருந்தது. உன்னுடையது இருந்தது. அப்பாவுடையது இல்லை. அதையும் சுரண்டியிருந்தது.

சாப்பாட்டு மேசையில் இருந்த அவரிடம் படத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேளை ஆராதனையில் ஒன்றைக்கூட விடாத மனிதர், ஹில்யா! காய்ச்சலில் கிடந்தபோதும் போனவர்!

"என்ன காரியம் செஞ்சிருக்கே, லுப்பெர்ட்?" என்றேன்.

"போன்னு சொன்னது நாந்தானே. அங்க அவன் தனியா நிக்கக் கூடாது, கிளாஸ்யா."

"அப்ப எனக்கும் அங்கயே வை. நானும் வரேன்."

"நீ மேலயே இரு. ஹில்யாவுக்கு யாரு இருக்கா? ரெண்டு புள்ளைக்கும் ஆளுக்கு ஒருத்தர்."

சொல்லிவிட்டு, ஆறிப்போன உருளைக்கிழங்கைத் தின்ன ஆரம்பித்தார். நானும் எதிரே உட்கார்ந்தேன்.

படத்தைப் பழைய ஆணியிலேயே மாட்டியாயிற்று. நீ ஒரு வரி அவருக்கு எழுது.

பென்சிலில் எழுதியிருக்கிறேன் என்று வருத்தப்படாதே. மைப்புட்டியை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டார். நான் வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அம்மா