ஒரு கதவெண், இரண்டு அடுப்பு

இன்று மதியம் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் டிபன் டப்பாவைத் திறந்தாள். உளுந்தஞ்சோறு, ஓரத்தில் எள்ளுத் துவையல். வறுத்த உளுந்தும் பூண்டும் கலந்த அந்த வாசம் மேசையைத் தாண்டி என்னிடம் வந்தது. என் டப்பாவை மூடி வைத்துவிட்டேன். போன் வந்ததுபோல எழுந்து மாடிப்படிக்குப் போய் நின்றுகொண்டேன். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. குற்றாலத்துக்குப் போகும் பஸ்களில் துண்டும் சோப்பு டப்பாவுமாக ஜனங்கள் தொங்கிக்கொண்டு போனார்கள்.

இங்கே என்னோடு வேலை பார்த்த நாளில் நீ கொண்டுவரும் உளுந்தஞ்சோறு எப்போதும் கொஞ்சம் அடிப்பிடித்திருக்கும். நான் கேலி செய்தால், "ஒரு ஆளுக்குப் பொங்குனா அப்படித்தான்டி இருக்கும்" என்பாய். கீழப்பாவூரில் உன் அண்ணன் வீட்டின் பின்கட்டில் ஒற்றை பர்னர் அடுப்பு வைத்து நீ தனியாகச் சமைத்தாய். முன்கட்டில் அண்ணன், மதினி, பிள்ளைகள், மதினியின் அப்பா. நடுவில் ஒரு கதவு. செங்கோட்டையில் புருஷன் வீட்டை விட்டு நீ திரும்பி வந்த வருஷமே அந்தக் கதவுக்கு மதினி அவள் பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள் என்று ஒரு தடவை சொன்னாய். ஒரே தடவைதான்.

நம் வேலை என்னவென்று வெளியாட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். புற்றுநோய்க்காரர்களைத் தினமும் திருநெல்வேலிக்குச் சிகிச்சைக்குக் கூட்டிப்போய்த் திருப்பிக் கொண்டுவந்து விட ஒரு வேன். அதை ஓட்டும் ஒரு சின்ன அறக்கட்டளை. முகாம்தோறும் எழுதிவந்த பெயர்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரே ஆள் இரண்டு மூன்று தடவை வந்திருந்தால் ஒன்றாக்கி, யார் யார் ஒரே குடும்பம் என்று சேர்த்து வைக்க நீயும் நானும். நம் ஊரில் எத்தனை இசக்கியம்மாள்! கல்யாணத்துக்கு முன் அப்பா இனிஷியலோடு ஒருத்தி, கல்யாணத்துக்குப் பின் புருஷன் இனிஷியலோடு அதே ஒருத்தி. மிஷினுக்கு அவர்கள் இரண்டு பேர். புளியங்குடியில் எலுமிச்சை மண்டியில் மூடை தூக்குகிறவர்கள் எல்லோரும் கமிஷன் கடை நம்பரையே கொடுத்திருந்தார்கள். மிஷினுக்கு அவர்கள் அத்தனை பேரும் ஒரே ஆள். "மூடை கட்டுத மாதிரி எல்லாரையும் ஒண்ணா கட்டி வச்சிருக்கு பாரு" என்று நீ ஒவ்வொருவராகப் பிரித்து எடுத்தாய்.

குடும்பம் சேர்ப்பதில்தான் உனக்கும் மேனேஜருக்கும் எப்போதும் வழக்கு. வேனில் இடம் குறைவு, காத்திருப்பவர்கள் அதிகம். அதனால் ஒரு குடும்பத்துக்கு ஒரு நேரத்தில் ஒரு ஸீட்தான். கதவெண் ஒன்று என்றால் குடும்பம் ஒன்று என்பது அவர் கட்சி. எத்தனை அடுப்பு எரிகிறதோ அத்தனை குடும்பம் என்பது உன் கட்சி. நீ போனில் விசாரிக்கும் விதமே தனி. "உங்க வீட்ல எத்தனை பேரு?" என்று கேட்கமாட்டாய். "தனியாப் பொங்குதியளா, சேந்து பொங்குதியளா?" என்பாய். மேலகரத்தில் ஒரே வாசல் வைத்த வீட்டில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு அண்ணன் தம்பிகள். மூத்தவர் ஸீட்டில் போய்வந்துகொண்டிருக்க, இளையவர் மனைவிக்கு இடம் இல்லை என்றாகிவிட்டது. நீ நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து மேனேஜர் முன்னால் நின்றாய்.

"சார், கதவுதான் ஒண்ணு. உள்ள ரெண்டு அடுப்பு, ரெண்டு கேஸு, ரெண்டு உப்பு ஜாடி. அந்தப் பொம்பள எந்தக் குடும்பத்துல சாப்பிடுதான்னு நீங்களே போயிக் கேளுங்க."

அன்றைக்கு அவர் இறங்கிவந்தார். வீட்டுப் பெரியவர் நேரில் வந்து, தனித்தனிதான் என்று சொன்னால் பிரித்துவிடலாம் என்று விதி வைத்தார். நீ ஜெயித்துவிட்டதாக நாம் இரண்டு பேரும் கீழே கடையில் பால்பன்னு வாங்கித் தின்றோம்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சீசனில் குற்றாலத்தில் முகாம். முடிந்ததும் அருவிக்குப் போகலாம் என்று நான் மாற்றுச்சேலை கொண்டுவந்திருந்தேன். பெண்கள் பக்கம் வரை வந்தவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாய். தண்ணீர் இரைச்சலில் நீ சொன்னது முதலில் எனக்குக் கேட்கவில்லை. என் காதருகே வந்து மறுபடி சொன்னாய்.

"மார்ல கட்டி இருக்குடி. நாள்பட்டது. இந்தத் தண்ணி அதுமேல விழுந்தா வலிக்கும்னு பயமா இருக்கு."

எத்தனை முகாமில் எத்தனை பெண்களிடம் சீக்கிரம் வந்து காட்டுங்கள் என்று சொன்னவள் நீ. நான் உன்னைத் திட்டினேன். நீ திட்டு வாங்கிக்கொண்டு, நனைந்த பாறையைப் பார்த்துக்கொண்டே நின்றாய்.

ஆபரேஷன் முடிந்தது. அடுத்தது கதிர்வீச்சு, நம் ஊர்ப் பேச்சில் கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். வாரத்தில் ஐந்து நாள், பல வாரம், திருநெல்வேலியில். உன் பெயரை வேன் பட்டியலில் ஏற்றியது நான்தான். ஏறவில்லை. கீழப்பாவூர் அந்தக் கதவெண்ணில் ஏற்கெனவே ஒரு ஸீட் இருந்தது. தொண்டைக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த மதினியின் அப்பாவுக்கு அதை வாங்கிக் கொடுத்ததே நீதான். அடுத்தவர் வீடுகளையெல்லாம் பிரித்த நீ உன் பெயரை மட்டும் அண்ணன் குடும்பத்தோடேயே விட்டுவைத்திருந்தாய். அதை நான் கவனித்ததே அன்றைக்குத்தான்.

"இதுல என்ன இருக்கு? அண்ணாச்சி வந்து ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சுது" என்றார் மேனேஜர். அவர் குரலில் அக்கறைதான் இருந்தது. அவர்மேல் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

உன் அண்ணன் வந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற மனுஷர், இஸ்திரி கலையாத சட்டை, நிமிர்ந்த முதுகு. நீ என் மேசைக்குப் பக்கத்தில் தோளைச் சுற்றித் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

"அண்ணாச்சி, தங்கச்சி உங்க வீட்ல தனியாத்தான சமைச்சுச் சாப்பிடுதாங்க? அத மட்டும் நீங்க சொன்னாப் போதும்" என்றார் மேனேஜர்.

உன் அண்ணன் முகம் கறுத்துவிட்டது. அறையில் இருந்த எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"யாரு சார் அப்படிச் சொன்னது? கூடப்பிறந்தவளத் தனியாப் பொங்க விட்டுட்டு நாங்க திங்குதோமா? எங்க வீட்ல ஒரு அடுப்புதான். அவ எங்க கூடத்தான் இருக்கா, எங்க கூடத்தான் சாப்பிடுதா. வேன்ல எடம் இல்லன்னா போகட்டும். எந்தங்கச்சிய நான் கார் வச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

மேனேஜர் உன்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேலகரத்துப் பெண்ணுக்காக நின்றதுபோல உனக்காக ஒரு நிமிஷம் நீ எழுந்து நின்றால் போதும்.

"ஆமா சார். அண்ணன் சொல்லுதது சரிதான்" என்றாய்.

படியிறங்கும்போது உன் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினேன். "பைத்தியமாட்டி ஒனக்கு? ஏன் அப்படிச் சொன்ன?"

நீ கோபப்படவில்லை. உன் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "பொய்தான்டி. எனக்குத் தெரியாதா? ஆனா நாலு பேருக்கு முன்னால எங்க கூடன்னு சொல்லிட்டான் பாத்தியா. நான் வந்தன்னையிலேருந்து அவன் வாயிலேருந்து அது வரல. அத நான் எப்படி இல்லன்னு சொல்லுவேன்?"

அண்ணன் சொன்ன சொல்லைக் கொஞ்ச நாள் காப்பாற்றினார். வாடகைக் கார் வந்தது. உன்னைப் பின்ஸீட்டில் உட்காரவைத்து, ஜன்னலில் துண்டு கட்டி, மெதுவாகப் போகச் சொல்லி அழைத்துப் போனாராம். நீ அதைத் திரும்பத் திரும்பச் சொன்னாய். அடுத்த வாரம் அவருக்கு ஏதோ வேலை வந்தது. அதற்கடுத்த வாரம் மதினிக்கு ஏதோ ஆனது. பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நீ பாவூர்ச்சத்திரம் வந்து பஸ் ஏறத் தொடங்கினாய்.

லீவு கிடைத்த நாளெல்லாம் நானும் கூட வந்தேன். கரண்ட் வைத்த இடம் வெந்து கறுத்து, ரவிக்கை போட முடியாமல் மேலே ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு வருவாய். ரோட்டில் பள்ளம் வரும்போதெல்லாம் முன்ஸீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொள்வாய். ஒரு நாள் ஆலங்குளத்துக்குக் கிட்டே நம் வேன் நம் பஸ்ஸைத் தாண்டிப் போனது. ஜன்னலோரம் மதினியின் அப்பா. உன்னைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் அந்த மனுஷர் கையெடுத்துக் கும்பிட்டார். நீ சிரித்துக்கொண்டே, போயிட்டு வாங்க என்று கையை ஆட்டினாய்.

மழை பிடித்தது. நீ சிகிச்சைக்குப் போவதை நிறுத்திவிட்டாய். பாதிகூட முடிந்திருக்கவில்லை.

அன்றைக்குத்தான் நான் அதைச் செய்தேன். மேனேஜரைக் கேட்கவில்லை. உன்னை அண்ணன் குடும்பத்திலிருந்து எடுத்துத் தனிக் குடும்பமாக வைத்தேன். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் உன் பெயர். உடனே வேனில் இடம் கிடைத்தது. உனக்குப் போன் போட்டு, நாளைக் காலையில் வேன் வரும்போது நீயும் ஏறலாம், தயாராக இரு என்றேன். "இன்னைக்கு ஆபீஸ் எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?" என்று மட்டும் கேட்டாய்.

சாயங்காலம் ஆட்டோவில் வந்து இறங்கினாய். மாடி ஏற உனக்கு வெகுநேரம் ஆனது. என்னை எழுந்திருக்கச் சொல்லி என் நாற்காலியில் உட்கார்ந்தாய். உன் பெயரைத் தேடி எடுத்து, அண்ணன் பெயரைத் தேடி எடுத்து, உன்னை மறுபடி அவர் குடும்பத்தில் சேர்த்தாய். இத்தனை வருஷம் ஊரார் பெயர்களைச் சேர்த்துப் பழகிய விரல்கள். தடுமாறவே இல்லை.

"நீ சாகப் போறியாட்டி?" என்று கத்திவிட்டேன்.

"ஏட்டி, காலைல மதினி அப்பாவோட நானும் வேன்ல ஏறுனா தெருவே பாக்கும். ஒரு குடும்பத்துக்கு ஒரு ஸீட்டுதான்னு எல்லாருக்கும் தெரியும். அப்பத் தனிதானோன்னு கேக்கும். அண்ணன் மூஞ்சிய எங்கன கொண்டு வப்பான்?" என்றாய். கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "எனக்குன்னு இருக்கது அந்த ஒரு வார்த்ததான். அதப் பிரிச்சுட்டு நான் எங்க போயிப் பொழைக்க?" என்றாய்.

உன்னைக் கைத்தாங்கலாக ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். தை பிறப்பதற்குள் நீ போய்விட்டாய்.

இதையும் உனக்குச் சொல்ல வேண்டும். சில மாதம் கழித்து உன் அண்ணன் அலுவலகத்துக்கு வந்தார். சட்டை கசங்கியிருந்தது. மேனேஜர் அறைப் பக்கமே போகாமல் நேரே என்னிடம் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"பின்கட்ட ஒதுக்குனேன், தாயி. அவ சாமான் எல்லாமே ஒவ்வொண்ணுதான் இருக்கு. ஒரு தட்டு, ஒரு தம்ளரு, ஒரு கரண்டி. வீட்டுக்கு ஒரு ஆளு வந்தா குடுக்கதுக்கு இன்னொரு தம்ளரு இல்ல." சட்டைக் கசங்கலைக் கையால் நீவிவிட்டார். "அன்னைக்கு நான் சொன்னது பொய்யி. அவ தனியாத்தான் இருந்தா. அதத் திருத்தி எழுதிருங்க."

எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. அழவேண்டும்போலவும் இருந்தது. உன் பெயரைத் திறந்து தனியாக்கப் பார்த்தேன். மிஷின் ஏற்கவில்லை. இறந்தவர் என்று குறித்த பெயரைப் பிரித்துப் புதுக் குடும்பம் வைக்க அதில் வழியில்லை; குடும்பம் என்றால் உயிரோடு ஒரு ஆளாவது இருக்க வேண்டும். அதை அவரிடம் சொன்னேன்.

"அப்ப எங்க கூடயேதான் இருப்பாளா?" என்றார்.

"ஆமா அண்ணாச்சி. அங்கனதான் இருப்பா."

அவர் ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

இதெல்லாம் நடந்தும் இங்கே ஒன்றும் மாறவில்லை. வேன் ஒன்றுதான். விதியும் அதேதான். புது மென்பொருள் வந்திருக்கிறது. கதவெண் ஒன்றாயிருந்தால் நம்மைக் கேட்காமலே சேர்த்துவிடுகிறது. நான் இன்னும் உன் நாற்காலிக்கு எதிரேதான் உட்கார்ந்து போன் போடுகிறேன்.

நேற்றுச் சுரண்டைப் பக்கத்தில் ஒரு பெண்ணிடம் பேசினேன். கர்ப்பப்பையில் புற்று, அண்ணன் வீட்டில் இருக்கிறாள்; அந்தக் கதவெண்ணில் ஏற்கெனவே ஒருவர் வேனில் வருகிறார். சேர்ந்து பொங்குகிறீர்களா, தனியாகவா என்று கேட்டேன். கேள்வி முடியுமுன்னே, "ஒண்ணாத்தான் இருக்கோம், ஒண்ணாத்தான் சாப்பிடுதோம்" என்றாள். அவ்வளவு அவசரம். சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் அந்தக் கேள்விக்கு யோசித்து, சிரித்து, வேறு கதையெல்லாம் சொல்லித்தான் பதில் சொல்லுவார்கள். அவசரப்படுகிறவள் தனியாகத்தான் சாப்பிடுகிறாள். உன்னிடமிருந்து நான் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான். ஒரு குரலைக் கேட்டால் இப்போது தெரிந்துவிடுகிறது.

நிஜமாகவா அக்கா என்று இன்னொரு தடவை கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு பாத்திரத்தைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது.

"ஆமாம்மா, எங்க அண்ணன் வீடுதான்" என்றாள்.

அவளை அண்ணன் குடும்பத்தில் சேர்த்துவிட்டு அடுத்த நம்பரைப் போட்டேன்.