வட்டம் சுற்றும் நேரத்தில் பேசிய ஆங்கிலம்

அத்தை,

இன்று காலை நீலாயில் ரயில் ஏறினேன். லாபு தாண்டியதும் கைப்பேசியில் லைன் போய்விட்டது. நேர்முகத் தேர்வில் எப்படிப் பேசுவது என்று ஒருவர் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்த வீடியோ பாதி வாக்கியத்தில் நின்றது. "பிஃபோர் யூ ஆன்சர்..." என்றதோடு சரி, நடுவில் அந்த வெள்ளை வட்டம் சுற்ற ஆரம்பித்தது. பழக்கதோஷத்தில் மீதியை நான் சத்தமாகச் சொல்லிவிட்டேன்: "வெயிட்!" பக்கத்தில் இருந்து எழப்போன மலாய்க்கார அம்மா, தன்னைத்தான் சொல்கிறேனோ என்று மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

நம் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லாம் இருந்தது, லைன்தான் இல்லை. மாரியம்மன் கோயில் பின்சுவரில் சாய்ந்தால் மட்டும் இரண்டு கோடு காட்டும். செம்பனைக்கு மருந்து அடித்துவிட்டு வந்து, குளித்து, தலையில் ஈரத்துண்டோடு சாயங்காலம் அங்கே வருவீர்கள். "என்னா மருமகனே, வீடியோ வெள்ளைக்காரன் வந்துட்டானா?" என்பீர்கள். "வர்ற வழியில மாட்டிக்கிட்டான் அத்தை" என்பேன்.

விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹோட்டலில் அறை துடைக்க ஆள் தேடினார்கள். கொஞ்சமாவது ஆங்கிலம் வேண்டும். நீங்கள் போய்ப் பார்ப்பதென்று முடிவு செய்தீர்கள். "இங்கிலீஷ் தெரியாம அங்க போயி என்ன செய்யப் போற?" என்று தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோர் சிரித்தபோது நீங்கள் சொன்னது எனக்கு மனப்பாடம்: "முதுகுல மருந்து டாங்கி இல்லாம நடக்கப் போறேன் லா."

வீடியோ நிற்கும்போதெல்லாம் மீதி வாக்கியத்தை ஊகித்துச் சொல்ல வேண்டும், தப்பானால் நெற்றியில் ஒரு சுண்டு. இந்த விளையாட்டை நாம் ஏற்படுத்தவில்லை, லைன் ஏற்படுத்தியது. "சார், யுவர் ரூம் இஸ்..." என்று வீடியோக்காரர் நின்றார். "டர்ட்டி!" என்றீர்கள். வட்டம் சுற்றி முடிந்து "ரெடி" என்று வந்தது. உங்கள் நெற்றியைச் சுண்ட நான் பட்ட சந்தோஷம்! அதற்குப் பிறகு என் கட்டைவிரல் கெட்டுப்போனது. லைன் நன்றாக இருக்கும்போதே திருட்டுத்தனமாக வீடியோவை நிறுத்தி, "ஐயோ, மாட்டிக்கிச்சு" என்பேன். கடினமான இடமாகப் பார்த்து நிறுத்துவேன். நீங்கள் வானத்தைப் பார்த்து, வாயை அசைத்து, மெதுவாகச் சொல்வீர்கள். சில நாட்களில் என் நெற்றிதான் சிவந்தது.

ஹோட்டலில் உங்களைக் கேள்வி கேட்ட நாளில் நான் வெளியே நாற்காலியில் இருந்தேன். கதவு பாதி திறந்திருந்தது. பேர், ஊர் எல்லாம் சரியாகச் சொன்னீர்கள். பிறகு அந்த மேனேஜர், நாம் எந்த வீடியோவிலும் பார்க்காத ஒன்றைக் கேட்டார். தங்க வந்தவர் உங்களைப் பார்த்துக் கத்தினால் என்ன செய்வீர்கள்?

சத்தமே இல்லை. போச்சு, எல்லாம் என் கட்டைவிரலால்தான், பாதியில் நிற்கப் பழக்கிவிட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். முதுகில் மறுபடி அந்த டாங்கி ஏறப்போகிறது என்று நினைத்தேன்.

"ஐ வெயிட்" என்றீர்கள். பிறகு மெதுவாக, "ஹி ஃபினிஷ். தென் ஐ டாக்."

உள்ளே மேனேஜர் வாய்விட்டுச் சிரிப்பது கேட்டது. திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது திருட்டை ஒப்புக்கொண்டேன். நீங்கள் ஜன்னலைப் பார்த்தபடி, "லைன் போனா வட்டம் சுத்தும். நீ நிறுத்துனா சுத்தாது. எனக்குத் தெரியாதாடா?" என்றீர்கள். பிறகு ஏன் ஒன்றுமே சொல்லவில்லை என்றேன். "யோசிக்க நேரம் குடுத்தியே, அதைக் கெடுப்பானேன்?" என்று, சேர்த்து வைத்திருந்த சுண்டு எல்லாவற்றையும் ஒரே சுண்டாகக் கொடுத்தீர்கள்.

மூன்று வருஷம் மருந்து நாற்றம் இல்லாமல், சலவை சோப்பு வாசனையோடு வீட்டுக்கு வந்தீர்கள். டாங்கி இல்லாத முதுகை நிமிர்த்தி, மண்டோர் வீட்டு வாசல் வழியாகத்தான் வருவீர்கள், அது சுற்றுவழி என்றாலும். பிறகு நெஞ்சுவலி வந்து, போன வருஷம் போய்விட்டீர்கள்.

ரயிலில் லைன் திரும்பி வந்தது. வீடியோக்காரர் வாக்கியத்தை முடித்தார்: "ஸ்மைல்." நான் சொன்னது தப்பு. என் நெற்றியை நானே சுண்டிக்கொண்டேன். மலாய்க்கார அம்மா கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

இப்போது சிரம்பானில், கல்லூரி வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இங்கே சேர நேர்முகத் தேர்வு, கேள்வியெல்லாம் ஆங்கிலத்தில்தானாம். என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள், அத்தை. தெரியாததைக் கேட்டால் எனக்குள் வட்டம் சுற்றும். சுற்றி முடியும்வரை அவர்கள் காத்திருக்கட்டும்.