கடைசி காரில் ஒரு சுற்று

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

எங்கள் மின்சாரக் கார் கம்பெனியை மூடிவிட்டார்கள். பதறாதீர்கள். அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். ஒரு கொட்டகையில் பதினோரு பேராக ஆரம்பித்தோம். மூன்றே வருடத்தில் இருநூறு பேரானோம். பிறகு பேட்டரி சூடாகிறது என்று விற்ற கார்களெல்லாம் திரும்பி வந்தன. புதிதாக வாங்க ஆளில்லை.

கடைசி நாளன்று பாதியில் நின்ற ஒரு காரை நாங்களே முடித்தோம். டிரைவர் சீட் மட்டும் வந்து சேரவில்லை. சூப்பர்வைசர் ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து வைத்து, "பிரேக் மாட்டினது நீதானம்மா, நீயே ஓட்டிப் பாரு" என்றார். சுற்றுச்சுவரை ஒட்டி ஒரு சுற்று வந்தேன். "சத்தமே போடாதது ஒரு வண்டியா?" என்று கேலி பண்ணுவீர்களே, அன்று எனக்கும் டயர் உருளுவது மட்டும்தான் கேட்டது. பிரேக் கச்சிதமாகப் பிடித்தது, அப்பா. எல்லோரும் கைதட்டினார்கள். யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

இப்போதும் காலை ஏழு மணிக்கே கிளம்பி, பூட்டிய கேட் வரை நடந்து திரும்புகிறேன். அறையில் உட்கார்ந்தால் கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது.

என் டிப்ளமோ சான்றிதழை நகலெடுத்து அனுப்புங்கள். உங்கள் பட்டறையில் இன்னும் ஓர் ஆளுக்கு வேலை இருக்குமா என்றும் எழுதுங்கள். சும்மாதான் கேட்கிறேன்.

தபால்காரர் பெட்டியைத் திறந்துவிட்டார், முடிக்கிறேன்.

உங்கள் மகள்