நீ வெளியே நின்ற படம்

மகள் சமையலறை மேசையில் பெட்டி மட்டையொன்றை விரித்து, தடித்த மார்க்கரால் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறாள். நாளை நாடாளுமன்றத்தின் முன் அவளுடைய நண்பர்கள் கூடுகிறார்களாம். அந்த மையின் நெடி மூக்கில் ஏறியதும் கைவேலையை விட்டுவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

ஒருமுறை உன் காரிலும் இதே நெடி. நாம் இருவரும் ஒஸ்லோவில் தமிழ்ப் படங்களைத் திரையிட்டுவந்த காலம் அது. மண்டபம் பிடிப்பது நான், ஆட்களைக் கூட்டுவது நீ. நாம் விட்டுவந்த ஊரில் நடந்த போரைப் பற்றித் தமிழ்நாட்டில் எடுத்த அந்தப் படம் வந்தபோதுதான் முதன்முதலாக முரண்பட்டோம். முன்னோட்டத்தில் இயக்கத்தில் சேர்ந்து போராடப் போன பெண்ணொருத்தியைக் காட்டிய விதம் உன்னைச் சுட்டது. உன் தங்கை அப்படிப் போய்த் திரும்பாதவள்.

"படத்தை நிப்பாட்டச் சொல்லுறியோ?" என்று கேட்டேன்.

"இல்லையடி. நீ போடு. நான் வெளியிலை மட்டையோடை நிப்பன்."

எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் அன்று நீதான் என்னை ஏற்றிக்கொண்டு போனாய். பின் இருக்கையில் உன் பதாகையும், படம் இருந்த என் ஹார்ட் டிஸ்க்கும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

மண்டபத்தின் முன் உன்னோடு நிற்க எதிர்பார்த்ததைவிடச் சனம் கூடிவிட்டது. படத்தைத் தடைசெய்வதுதான் கோரிக்கையா என்று காவலர் ஒருவர் உன்னிடம் கேட்டார். "இல்லை. பார்க்கப் போகிறவர்கள் எங்களையும் கேட்கவேண்டும்" என்று நீ நோர்வேஜிய மொழியில் சொன்னது, வாசலில் சீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது. உன்னோடு நின்ற ஒருவர் சினந்தார்.

"அப்ப என்னத்துக்கு வந்தனாங்கள்? உள்ளை போய் நிப்பாட்டுவம்!"

சிலர் கதவை நோக்கி நகர, நீ குறுக்கே போய் நின்றாய்.

"அண்ணை, ஊரிலை எங்களைக் கதைக்க விடேல்லை எண்டுதானே இஞ்சை வந்தனாங்கள். இப்ப நாங்களும் மற்றவையின்ரை வாயைப் பொத்துறதோ?"

அவர் உன்னைத் துரோகி என்றார். ஆனால் நீ கதவை விட்டு அசையவில்லை. அவர்களும் கடைசியில் வெளியிலேயே நின்றுவிட்டார்கள். படம் முடிந்து வந்தவர்களில் சிலர் உன் பதாகையில் தங்கையைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்துவிட்டு, அவளைப் பற்றிக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

திரும்பும் வழியிலும் நீதான் ஓட்டினாய். சிவப்பு விளக்கில் நின்றபோது மெல்லக் கேட்டாய்.

"படத்திலை கடைசியிலை அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது?"

"உயிரோடை வீட்டை வாறாள்."

விளக்கு பச்சையாகியும் நீ காரை எடுக்கவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடிக்கத் தொடங்கினார்கள்.

நோய் உன்னைக் கட்டிலில் போட்டபோது, அந்தப் படத்தைப் போட்டுக் காட்டவா என்று கேட்டேன். "வேண்டாம். என்ரை தங்கச்சி வரேல்லையே," என்றாய். பிறகு யன்னல் பக்கம் திரும்பி, "ஆனா அவள் வாற மாதிரி ஆரோ ஒருத்தன் யோசிச்சிருக்கிறான், என்ன?" என்றாய். அது கோபமா, ஆறுதலா? நீ கண்மூடும் முன் கேட்காமல் விட்டுவிட்டேன். இன்றும் அறிய ஆவலாக இருக்கிறது.

இப்போதும் படங்கள் போடுகிறேன். யாராவது எதிர்த்து நின்றால், முதலில் வெளியே போய், "இதிலை உங்களுக்கு எது நோகுது?" என்று கேட்கிறேன். சொல்வதை முழுதும் கேட்டுவிட்டு, உள்ளே வந்து படத்தைப் போடுகிறேன்.