சோற்றுக் கோபுரத்தின் உச்சி

அன்பு மகளுக்கு,

ஜகார்த்தாவில் மழை விடவில்லை. உன் பூனை நலம்.

வெளிநாட்டுப் போர்ப்படகு வேண்டாம், சுராபயாவில் நாமே கட்டுவோம் என்று நாடாளுமன்றப் பாதுகாப்புக் கமிட்டியில் மேசையைத் தட்டிப் பேசியவன் நான். முதல் படகை நேற்று கடலில் இறக்கினார்கள். விழா வழக்கப்படி மஞ்சள் சோற்றுக் கோபுரத்தின் உச்சியை வெட்டி, மரியாதைக்குரியவன் என்று எனக்கே முதலில் கொடுத்தார்கள். அப்போதுதான் கடற்படைத் தளபதி சிரித்தபடி சொன்னார்: "விரதா ஐயா, இந்தப் படகுல உங்க பொண்ணைத்தான் போட்டிருக்கோம்!"

சோறு தொண்டையில் இறங்கவில்லை. இலையில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். "ஊரார் பிள்ளை ஏறுதுன்னா இறங்கியிருக்கும், இல்ல?" என்றாள் உன் அம்மா.

படகு நல்ல படகுதான். நல்ல படகுதான்.

சோதனை ஓட்டத்துக்கு நானும் வருகிறேன், அனுமதி வாங்கிவிட்டேன். அங்கே என்னைத் தெரியாத மாதிரி நின்றுகொள். கடல் எனக்கு ஒத்துக்கொள்ளாது, ஒரு வாளி மட்டும் எடுத்து வை.

உன் அப்பா