இமையைத் தூக்கிய மாத்திரை

2024 ஜூன் 18, செவ்வாய்

மதியம் மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் குரல் மூக்கு வழியாகப் போய்விட்டது. இமை இரண்டும் தானாக இறங்கின. "டீச்சர் தூங்குறாக!" என்று பூமாரி கத்துகிறாள். தூங்கலடி, திறக்க முடியல. காலையில் நன்றாகத்தானே இருந்தேன்?

ஜூன் 24

கூடலூரிலிருந்து தேனிக்குப் பஸ். வீட்டுக்காரர் ஈஸ்வரபாண்டியும் வந்தார். நரம்பு டாக்டர் சாபிரா 'மயஸ்தீனியா' என்றார். நரம்பு சொல்வது தசைக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லையாம். ஒரு சின்ன மாத்திரை கொடுத்து வெளியே உட்காரச் சொன்னார்.

கொஞ்ச நேரம் போனது. சுவரில் இரண்டு காலண்டர் என்று நினைத்திருந்தேன் — ஒன்றுதான்! இமை மேலே நிற்கிறது. அங்கேயே அழுதுவிட்டேன்.

ஜூலை 15

மறுபடி தேனி. மாத்திரை கூடிப்போய் எச்சில் ஊறினால், வயிறு இழுத்துப் பிடித்தால் உடனே சொல்லணும் என்றார் டாக்டர். கூட வந்த வீட்டுக்காரர் முகம் மாறிவிட்டது. போன வருஷம் திராட்சைக்கு மருந்தடித்துவிட்டு, எச்சில் ஒழுக விழுந்தவராச்சே. "எனக்கு வந்த மாதிரியே சொல்றீகளே?" என்றார்.

"ஆமா, இந்த மாத்திரையும் அந்தப் பூச்சிமருந்தும் உடம்புல ஒரே நொதியைத்தான் தடுக்குது."

அதற்குள் அடுத்த நோயாளி வந்துவிட்டார்.

ஜூலை 16

மாத்திரையெல்லாம் இவுக வாய்க்கால்ல கொட்டிட்டாக! "பூச்சிக்கு அடிக்கிறத ஒனக்குத் தரச் சொல்றாக பாண்டீசு. செத்துப் பொழச்சவன் நானு, எனக்குத் தெரியாதா?"

திட்டக்கூடக் குரல் இல்லை. நிஜமாகவே விஷமோ? எனக்கும் பயம்.

ஜூலை 19

குடிச்ச தண்ணி மூக்கு வழியா வருது.

ஜூலை 27

மூச்சு முட்டிச் சேர்த்த ஐசியுவிலிருந்து நேற்றுதான் வார்டுக்கு வந்தேன். டாக்டர் எங்கள் இருவரையும் வைத்துப் பொறுமையாகச் சொன்னார். நரம்பு ஒரு ரசாயனத்தை அனுப்பித்தான் தசையை எழுப்புகிறது. வேலை முடிந்ததும் ஒரு நொதி அதைத் துடைத்துவிடும். எனக்கு அந்த ரசாயனத்தை வாங்கிக்கொள்ளும் இடங்கள் குறைந்துவிட்டன. நொதியைக் கொஞ்சம் தடுத்து வைத்தால் ரசாயனம் நின்று, தசைக்கு எட்டும். மாத்திரை சில மணி நேரத்தில் பிடியை விட்டுவிடும். தோட்டத்து விஷம் லேசில் விடாது, மூச்சையே நிறுத்தும்.

ஆபரேஷனுக்காகத் தளர்த்திய தசையை மறுபடி எழுப்பவும், மறதி நோய்க்கும்கூட இதே வழிதானாம். ஆளைக் கொல்கிற வழியிலேயே போய், எந்த இடத்தில் நிற்கணும் என்று கண்டுபிடித்திருக்கிறார்களே! எத்தனை பேர் எத்தனை காலம் மண்டையை உடைத்துக்கொண்டார்களோ. படுக்கையில் கிடந்தபடியே கும்பிடத் தோன்றியது.

இவர் கீழே போய் மாத்திரை வாங்கி வந்தார். தண்ணீரும் அவரே பிடித்துத் தந்தார்.

ஆகஸ்ட் 20

பள்ளிக்கூடம் போனேன். அரை நாள்தான்.

செப்டம்பர் 8, ஞாயிறு

கையுறை இல்லை, முகமூடி இல்லை. மூஞ்சியில் ஒரு துண்டைச் சுத்திக்கிட்டு இவுக மருந்தடிக்கக் கிளம்பிட்டாக! வாசலிலேயே மறித்துப் பிடித்துக்கொண்டேன். போன வருஷம் விழுந்ததில் ஆரம்பித்து, வாய்க்கால் வரை ஒன்றையும் விடவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள், பார்க்கட்டும். கத்திக் கத்தி எனக்கே அலுத்துப்போய் நிறுத்தினேன். அப்போதுதான் கவனித்தேன், குரல் ஓரிடத்திலும் கம்மவில்லை.

மனுசன் கண் கலங்கி நிற்கிறார்.

"ஏன் நிறுத்திட்ட பாண்டீசு? இன்னும் திட்டு."